தீப்பட்ட கையைக் காக்கும் தப்பை

காயம் ஆறிவிட்டது. கட்டை அவிழ்த்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே போதும் என்று குடும்பம் சாமிக்குப் பொங்கலும் வைத்துவிட்டது. ஆனால் கை மட்டும் விரிய மறுக்கிறது!

விரல்கள் மடங்கி நிற்கின்றன. மணிக்கட்டு வளைந்திருக்கிறது. சோற்றைப் பிசைய முடியவில்லை. தலை வார முடியவில்லை. ஆயிரக்கணக்கில் திரி செருகிய கைக்கு, இப்போது ஒரு டம்ளரைப் பிடிக்க வழியில்லை.

ஆழமாக வெந்தவர்கள் பலருக்கு இந்தத் துன்பம் வருகிறது. இது தலைவிதி அல்ல. முன்கூட்டியே கவனித்தால் பெரும்பாலும் தடுக்கலாம். அதற்கு உதவும் பொருளும் பெரிய யந்திரம் அல்ல. ஒரு தகடு, மூன்று நான்கு வார்கள், கொஞ்சம் பஞ்சு. அவ்வளவுதான்!

ஆஸ்பத்திரியில் இதை 'ஸ்பிளிண்ட்' என்கிறார்கள். நம் ஊரில் எலும்பு முறிந்தால் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள் அல்லவா? அதற்குத் தம்பி முறை இது. நாமும் தப்பை என்றே சொல்லலாம்.

ஆனால் இந்தத் தப்பைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. செருப்பு வாங்குவதுபோல அளவு சொல்லி வாங்கினால் இது சரியாகப் பொருந்தாது. யாருக்கு வேண்டுமோ, அவருடைய உடம்பின் மேலேயே வைத்து உருவாக்க வேண்டும். அண்ணனுக்குச் செய்தது தம்பிக்கு உதவாது. வலது கைக்குச் செய்தது இடது கைக்கு உதவாது. போன மாதம் செய்தது இந்த மாதம் உதவாமலும் போகலாம்!

கையை நம்பிய ஊர்

விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி. மழை குறைவு. விவசாயத்தை மட்டும் நம்பி எல்லோரும் பிழைக்க முடியாது. 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும், ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு பட்டாசுத் தொழில் வளர்ந்தது. அச்சுத் தொழிலும் வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று ஊருக்குப் பட்டப் பெயரும் கிடைத்தது.

மழை இல்லாதது பயிருக்குச் சாபம். வெடி மருந்தை உலர்த்துவதற்கு அதுவே வரமாகிவிட்டது! இந்தியாவில் தயாராகும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி இன்றும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில்தான் உருவாகிறது.

இந்தத் தொழிலில் யந்திரத்தைவிடக் கைக்கே வேலை அதிகம். காகிதக் குழலை உருட்டுவது கை. திரியைச் செருகுவது கை. சரத்தைப் பின்னுவது கை. மருந்தைச் செலுத்துவதும் கை. இங்கே பல குடும்பங்களின் சொத்து பத்து விரல்கள்தான். கை போனால் கூலி போயிற்று.

வெடி மருந்துக்கோ உராய்வு ஆகாது. ஒரு பொறி போதும். 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். இரண்டு இடங்களிலும் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம்.

விபத்து நடந்த மறுநாள், இறந்தவர் எத்தனை பேர், காயம் அடைந்தவர் எத்தனை பேர் என்று ஊரே பேசும். ஆறு மாதம் கழித்து, காயம் அடைந்தவரின் கை எப்படி இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. ஆனால் அந்தக் கையின் கதி தீர்மானமாவது அந்த மாதங்களில்தான்.

ஆலை விபத்து மட்டும் அல்ல. அடுப்புத் தீ, கொதிக்கும் சாம்பார், குழந்தை மேல் கவிழும் வெந்நீர், தீபாவளியன்று கையிலேயே வெடித்த வெடி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தாய் வைக்கும் தலையணை

கழுத்தும் மார்பும் வெந்துபோன ஒரு சிறுமி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் தாய். குழந்தை வலியில் முனகுகிறாள். தாய்க்கு மனம் பொறுக்குமா? தன் சேலையை மடித்துத் தலைக்கு அடியில் வைக்கிறாள். குழந்தைக்குச் சற்றுச் சுகமாக இருக்கிறது. கண்ணை மூடித் தூங்குகிறாள்.

பயிற்சி கொடுக்கும் பெண் அப்போது வருகிறாள். பார்த்ததும் பதறுகிறாள்.

"அக்கா, தலையணை வேண்டாம். எடுத்துவிடுங்கள்!"

"ஐயோ, பிள்ளைக்குக் கழுத்து வலிக்குமே, டாக்டரம்மா?"

"இன்றைக்கு வலிக்கும் அக்கா. ஆனால் இப்படியே விட்டால், நாளைக்குத் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். வானத்தைப் பார்க்கத் தலையைத் தூக்க முடியாது."

தாய் திகைத்துப் போகிறாள். தான் செய்தது அன்பு அல்லவா? அன்பு எப்படித் தீங்காகும்?

தீக்காய வைத்தியத்தில் இதுதான் பெரிய பாடம். வெந்தவருக்கு எந்த நிலை சுகமோ, அந்த நிலையில்தான் உறுப்பு ஒட்டிக்கொள்ளும்! வலி வந்தால் உடம்பைச் சுருட்டிக் கொள்வது இயற்கை. முழங்கையை மடக்குகிறோம். கையை மார்போடு அணைக்கிறோம். முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுக்கிறோம். சில வாரம் அப்படியே கிடந்தால், புதிதாக வளரும் தோல் அந்த மடிப்பையே நிரந்தரமாக்கி விடுகிறது.

சுருக்குப் பையின் கயிறு

தோல் ஏன் இப்படிச் சுருங்குகிறது?

மேல் தோல் மட்டும் லேசாக வெந்தால் கவலை இல்லை. சில நாட்களில் ஆறிவிடும். தழும்பும் பெரும்பாலும் நிற்காது. ஆனால் தீ ஆழமாக இறங்கினால் கதை வேறு. மூன்று வாரத்துக்கு மேலாகியும் ஆறாத காயத்தில், தடித்த தழும்பு எழும்பும் அபாயம் மிக அதிகம்.

ஆழமான காயத்தை மூடுவதற்கு உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. காயத்தின் விளிம்புகளை நடுப்பக்கமாக இழுக்கிறது. பாட்டியின் சுருக்குப் பையைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

கயிற்றை இழுப்பது யார்? காயத்தில் தோன்றும் ஒருவகை நுண்ணிய செல்கள். தசையைப் போலச் சுருங்கும் சக்தி அவற்றுக்கு உண்டு. கபியானி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் 1971-ல் இவற்றைப் பற்றி எழுதினார்கள்.

புண்ணை மூடுவதற்கு இந்த இழுப்பு நல்லது. ஆனால் புண் மூடிய பிறகும் அது நிற்பதில்லை! ஓராண்டு, சில சமயம் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை தழும்பு உள்ளுக்குள் இழுத்துக் கொண்டே இருக்கும். இரவிலும் இழுக்கும். நாம் தூங்கும்போதும் அது தூங்காது.

இரவும் பகலும் இழுக்கும் அந்தக் கயிற்றுக்கு எதிராக, இரவும் பகலும் பிடித்து நிறுத்த ஒரு காவல்காரன் வேண்டும். அந்தக் காவல்காரன்தான் தப்பை.

எந்த உறுப்பு எப்படி இருக்க வேண்டும்?

பொதுவான விதி சுலபமானது. தழும்பு எந்தப் பக்கம் இழுக்குமோ, அதற்கு எதிர்ப்பக்கமாக உறுப்பை வைக்க வேண்டும்.

கழுத்தின் முன்புறம் வெந்தால் தலையணை கூடாது. தோளுக்கு அடியில் துணிச் சுருள் வைத்துக் கழுத்தைச் சற்றுப் பின்னால் நிமிர்த்துவார்கள்.

அக்குள் வெந்தால், கை உடம்போடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஆகவே கையைப் பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு, சுமார் 90 டிகிரி விரித்து வைப்பார்கள்.

முழங்கையின் உட்புறம் வெந்தால் கையை நீட்டி வைப்பார்கள். முழங்காலின் பின்புறம் வெந்தால் காலை நீட்டி வைப்பார்கள். பாதம் கீழே தொங்கிவிடாமல், நிற்கும்போது இருப்பது போலச் செங்கோணத்தில் நிறுத்துவார்கள்.

கைதான் மிகவும் சிக்கலானது. புறங்கை வெந்து வீங்கினால், மணிக்கட்டு கீழே தொங்கும். விரல் மூட்டுகள் மேலே தள்ளும். விரல் நுனிகள் உள்ளே வளையும். கட்டை விரல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கை, கழுகின் காலைப் போல ஆகிவிடும். இதைத் தடுக்க, மணிக்கட்டைச் சுமார் 20 முதல் 30 டிகிரி மேலே தூக்கி, கையும் விரலும் சேரும் பெரிய மூட்டுகளை 70 முதல் 90 டிகிரி மடக்கி, விரல்களை நேராக நீட்டி, கட்டை விரலை விலக்கி வைக்க வேண்டும்.

உள்ளங்கை வெந்தால் வழி வேறு. கையை அகல விரித்து, விரல்களைப் பரப்பி வைக்க வேண்டும். பாத்திரத்தை உள்ளங்கையால் தொட்டுவிட்ட குழந்தைக்கும், புறங்கையில் தீப்பட்ட தொழிலாளிக்கும் ஒரே தப்பை ஏன் ஆகாது என்பது இதிலிருந்தே புரியும்.

வெந்நீரில் பிறக்கும் தப்பை

தப்பை செய்வதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

முதலில் ஒரு காகிதத்தில் நோயாளியின் கையை வைத்துப் பென்சிலால் வரைகிறார்கள். அந்தக் கை வெந்திருந்தால், மற்றக் கையை வரைந்து காகிதத்தைத் திருப்பிக் கொள்வார்கள். தையல்காரர் துணி வெட்டுவதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது போலத்தான். விரல் நுனியில் தொடங்கி, முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை அளவு போகும். அதைவிடக் குட்டையாக இருந்தால், மணிக்கட்டின் பாரம் தாங்காது. முழங்கை வரை நீண்டால், கையை மடக்கும்போது இடிக்கும்.

பிறகு அந்த அளவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெட்டுகிறார்கள். சுமார் 3 மில்லி மீட்டர் கனம். பார்த்தால் விறைப்பாக இருக்கும். ஆனால் 65 முதல் 75 டிகிரி சூடுள்ள தண்ணீரில் போட்டால், ஒரு நிமிடத்தில் அப்பளம் போலத் துவண்டுவிடும்!

அதை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, கையை சுடாத அளவுக்கு ஆறியதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். கட்டுப் போட்ட கையின் மேல் மெல்ல விரிக்கிறார்கள். கையைச் சரியான நிலையில் பிடித்துக் கொள்கிறார்கள். சில நிமிடங்களில் தகடு மறுபடி விறைத்துவிடும். இப்போது அது வெறும் தகடு அல்ல. அந்த ஒரு கையின் அச்சு!

ஓரங்களைச் சூடாக்கி மழுப்புகிறார்கள். எலும்பு துருத்தும் இடத்தில் பஞ்சு வைக்கிறார்கள். ஒட்டிப் பிரிக்கும் வார்களைப் பொருத்துகிறார்கள். தப்பை தயார்.

பிளாஸ்டிக் தகடு கிடைக்காத இடத்தில் மாவுக்கட்டு கை கொடுக்கும். மாவு தடவிய துணியை நனைத்துக் கட்டும் முறையை ஹாலந்து நாட்டு ராணுவ டாக்டர் மாதிசென் 1851-ல் கொண்டு வந்தார். இன்றைக்கும் அது மலிவு. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். கையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மாவுப் பலகை வார்த்து, துணி சுற்றிவிட்டால், அதுவும் நல்ல தப்பைதான். பொருள் எது என்பது முக்கியம் அல்ல. நிலை சரியா என்பதே முக்கியம்.

வேலூர் காட்டிய வழி

விறைத்து மடங்கிய விரலைப் பலாத்காரமாக நிமிர்த்தக் கூடாது. உள்ளே தசைநார் கிழியும். புது வீக்கம் வரும். கை முன்னைவிட மோசமாகும். பிறகு எப்படி நிமிர்த்துவது? கொஞ்சம் கொஞ்சமாக!

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டு மண்ணில் நடத்திக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகத்தால் விரல் மடங்கியவர்களை அப்போது யாரும் தொட்டுப் பார்க்கவே தயங்கினார்கள். அவர் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தார். மடங்கிய கைக்குள்ளும் பலம் இருப்பதைக் கண்டார். 1948-ல் அந்தக் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

ஆனால் விறைத்துப்போன விரலில் அறுவை செய்து பயன் இல்லை. ஆகவே முதலில் மாவுக்கட்டு. விரல் எவ்வளவு நீளுமோ அவ்வளவு மட்டும் நீட்டிக் கட்டுவார்கள். சில நாள் கழித்து அவிழ்த்தால், விரல் இன்னும் கொஞ்சம் நீளும். அந்த நிலையில் மறுபடி ஒரு கட்டு. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுப் போட்டு, இழுக்காமல் இடிக்காமல் நிமிர்த்துவார்கள். பலாத்காரம் செய்ய முடியாததைப் பொறுமை செய்தது!

அதே வேலூரில், விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார் டாக்டர் மேரி வர்கீஸ். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். காயத்தை ஆற்றுவது பாதி வைத்தியம், மனிதனை மறுபடி வேலைக்கு அனுப்புவது மீதிப் பாதி என்பதை இந்த இருவரின் வாழ்க்கையும் காட்டியது.

இன்று தீக்காயத் தழும்புக்கும் இதே முறை உதவுகிறது. இந்த வாரம் கை ஐந்து டிகிரி அதிகம் நீண்டால், தப்பையை மறுபடி வெந்நீரில் போட்டு, புது நிலைக்கு மாற்றி வார்க்கிறார்கள். கை நிமிர நிமிர, தப்பையும் மாறுகிறது.

இரும்பு நுழையாத அறையில்

உடம்பின் அளவுக்கு வார்த்து, உறுப்பை ஒரே நிலையில் நிறுத்தும் இந்த வித்தை வேறு வைத்தியங்களிலும் பயன்படுகிறது.

தலையிலோ கழுத்திலோ புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் பாய்ச்சும்போது, முகத்தின் மேல் ஒரு வலை முகமூடி மாட்டுவதைச் சிலர் பார்த்திருக்கலாம். அதுவும் வெந்நீரில் துவளும் அதே மாதிரித் தகடுதான். அவரவர் முகத்தில் வைத்து வார்த்தது. கதிர் ஒவ்வொரு நாளும் அதே புள்ளியில் விழ வேண்டும் அல்லவா?

'எம்.ஆர்.ஐ.' படம் எடுத்துக்கொண்டே உடம்புக்குள் ஊசி செலுத்தும் முறையும் உண்டு. பெண்ணின் மார்பில் சந்தேகக் கட்டி இருக்கிறது, வேறு படத்தில் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிகிறது. அப்போது நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, மார்பை இரண்டு தட்டுகளுக்கு இடையே மெல்லப் பிடித்து, கட்டம் கட்டமாகத் துளையுள்ள சட்டத்தின் வழியே ஊசியைச் செலுத்தி, துளிச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். சில மில்லி மீட்டர் அசைந்தாலும் ஊசி குறி தவறும். ஆகவே மெத்தையும், தாங்கியும், சட்டமும் உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1994-லேயே டாக்டர்கள் நடுவில் நின்று வேலை செய்யும்படி திறந்த அமைப்புள்ள எம்.ஆர்.ஐ. யந்திரம் வந்துவிட்டது.

அந்த அறையில் பெரிய காந்தம் இருக்கிறது. இரும்புச் சாமான் உள்ளே போனால், காந்தம் பறித்து இழுத்துவிடும்! நம் கம்பி மத்தாப்பில் கம்பி இரும்பு. பொன்னிறப் பொறி சிந்துவதும் இரும்புத் தூள்தான். அந்த இரும்புக்கு அங்கே இடமில்லை. ஊசிகூட டைட்டானியம் போன்ற, காந்தம் இழுக்காத உலோகத்தில் செய்யப்படுகிறது. தாங்கிகள் பிளாஸ்டிக்கும் பஞ்சு மெத்தையும்தான்.

அங்கே அசையாமல் இருக்க வேண்டியது சிறிது நேரம். தீக்காயத்தில் வேண்டியது பல மாதங்கள். விஷயம் ஒன்றே: ஒரு உடம்பைப் போல இன்னொரு உடம்பு இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆஸ்பத்திரியில் தப்பை செய்து கொடுப்பார்கள். ஆனால் மாட்டுவது வீட்டில் உள்ளவர்கள் பொறுப்பு. 'காயம்தான் ஆறிவிட்டதே, இது எதற்கு?' என்று பரண் மேல் போட்டுவிட்டால், எல்லாம் வீண்.

* எத்தனை மணி நேரம் மாட்ட வேண்டும் என்பதை டாக்டர் சொன்னபடி செய்ய வேண்டும். தொடக்கத்தில், பயிற்சி நேரமும் கட்டு மாற்றும் நேரமும் போக மற்ற வேளை முழுவதும் மாட்டச் சொல்லலாம். பிறகு இரவில் மட்டும் என்று குறைப்பார்கள்.

* தப்பையைக் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் சிவப்புத் தடம் மறையாவிட்டால், அந்த இடத்தில் தப்பை அழுத்துகிறது. ஆஸ்பத்திரியில் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் அடித்து வளைக்கக் கூடாது.

* விரல் நுனி நீலம் பாரித்தாலோ, மரத்துப் போனாலோ, புதிதாக வீங்கினாலோ, வாரை உடனே தளர்த்தி டாக்டரிடம் போக வேண்டும்.

* சோப்பும் சாதாரணத் தண்ணீரும் விட்டுக் கழுவலாம். வெந்நீர் கூடாது! வெந்நீரில் பிறந்தது, வெந்நீரில் உருமாறிவிடும். சிவகாசி வெயிலில் தகரக் கூரை மேலோ, மூடிய காருக்குள்ளோ வைத்தாலும் வளைந்து போகலாம். நிழலில் உலர்த்த வேண்டும்.

* குழந்தைகள் வளர்கிறார்கள். தப்பை வளராது. அடிக்கடி அளவு பார்த்து மாற்ற வேண்டும்.

தப்பை மட்டும் போதுமா?

போதாது. தப்பை கையை நிறுத்தி வைக்கும். கையை வேலை செய்ய வைக்காது. சதா கட்டியே வைத்தால், மூட்டு விறைத்துவிடும். ஆகவே ஒரு நாளில் பலமுறை தப்பையைக் கழற்றி, விரலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சிதான் கணவன் என்றால், தப்பை மனைவி. இரண்டும் சேர்ந்தால்தான் குடித்தனம்!

பயிற்சி என்றால் பெரிய சாமான் தேவையில்லை. துணியைக் கசக்கலாம். மாவு பிசையலாம். வாளியில் துணி அலசலாம். சுவரில் விரல்களை ஏணி ஏறுவதுபோல மேலே நடத்தலாம். குழந்தைக்குக் கோலப் பொடி கொடுத்தால், விளையாட்டிலேயே விரல் விரியும்.

புண் நன்றாக மூடிய பிறகு, உடம்போடு இறுகப் பிடிக்கும் சட்டை, கையுறை போன்றவற்றையும் அளவெடுத்துத் தைத்து மாட்டச் சொல்வார்கள். தழும்பு தடிக்காமல் இருக்க இவை உதவும். பகலும் இரவுமாகப் பல மாதங்கள் மாட்ட வேண்டியிருக்கும். தழும்பு வறண்டு அரிக்கும். டாக்டர் சொன்ன எண்ணெயோ களிம்போ தடவி மெல்லத் தேய்த்துவிட்டால் இதமாக இருக்கும்.

மடங்கிய பிறகு என்ன செய்வது?

காலம் கடந்துவிட்டதே என்று சிலர் மனம் உடைந்து போகிறார்கள். அவசியம் இல்லை. இறுகிய தழும்பை வெட்டி விடுவித்து, உடம்பின் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. கழுத்து நிமிர்ந்தவர்களும், கை விரிந்தவர்களும் பலர் உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒட்டிய தோலும் சுருங்கும்! அறுவை முடிந்ததும் மறுபடி தப்பை வேண்டும். மறுபடி பயிற்சி வேண்டும். 'ஆபரேஷன் செய்தாயிற்று' என்று தப்பையை எறிந்துவிட்டால், பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

தீப்பட்ட அந்த முதல் நிமிடங்களும் முக்கியமானவை. உடனே தீயை அணைத்து, வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் விட வேண்டும். ஐஸ் கட்டி கூடாது. பெரிய காயமானால், மற்ற இடங்களில் உடம்பு குளிர்ந்து நடுங்காமல் போர்த்திக் கொள்ள வேண்டும். வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மை, பற்பசை, சாம்பல், முட்டை எதையும் பூசக் கூடாது. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். தீ எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அவ்வளவு தழும்பு.

எங்கே கேட்பது?

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியும், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் தொழிலாளிகள் அறிந்த இடங்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. பெரிய காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம்.

எங்கே சேர்த்தாலும், முதல் வாரத்திலேயே டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். 'இந்த உறுப்பை எந்த நிலையில் வைக்க வேண்டும்?' 'தப்பை தேவையா?' கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சிக்காக அடிக்கடி பஸ் ஏற முடியாதவர்கள் பலர். நாள் கூலி போய்விடுமே! 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பயிற்சி அளிக்கும் பிசியோதெரபி சேவையும் சேர்ந்திருக்கிறது. தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு உதவி உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ஒரு கை

அந்தச் சிறுமியின் தாய் என்ன செய்தாள்? மடித்து வைத்த சேலையைத் தலைக்கு அடியிலிருந்து எடுத்தாள். அதையே சுருட்டித் தோளுக்கு அடியில் வைத்தாள். பிள்ளை அழுதாள். தாயும் அழுதாள். ஆனால் சேலையை மறுபடி மேலே தள்ளவில்லை.

அன்பு என்பது வலியைத் தணிப்பது மட்டும் அல்ல. சில சமயம், வலிக்கும் என்று தெரிந்தும் தப்பையின் வாரைப் பூட்டுவதுதான் அன்பு. இரவு விளக்கை அணைப்பதற்கு முன், "தப்பை மாட்டியாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் அன்பு.

ஆலையில் பாதுகாப்பு இருந்தால் இந்தத் தப்பையே தேவைப்படாது. அந்த நாள் வர வேண்டும். அதுவரை, தீயிலிருந்து மீண்டு வந்த ஒவ்வொரு கையும் சோறு பிசையவும், பிள்ளையைத் தூக்கவும், கூலி வாங்கவும் விரிய வேண்டும். அதற்கு ஒரு தகடும், நாலு வாரும், வீட்டாரின் பொறுமையும் போதும்.